கரைசலில் பச்சை, படலத்தில் மங்கிய ஆரஞ்சு

கோவை ஆய்வகத்தில் நான் செய்த போடிப்பி என்ற ஒளிரும் போரான் சேர்மம், டொலுயீன் என்ற கரைப்பானில் கரைத்தால் 520 நானோமீட்டர் அருகே பச்சையாக ஒளிரும். கண்ணாடியில் படலமாகப் பூசினால் மங்கிய ஆரஞ்சு. அசுத்தம்தான் காரணம் என்று நினைத்து, சிலிக்கா தூள் நிரப்பிய குழாய் வழியே 2 முறை சுத்தம் செய்தும் மாறவில்லை.

பொள்ளாச்சிக்கார சீனியர் அக்கா புற ஊதா விளக்கடியில் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, தென்னங்கன்னையே 25 அடி தள்ளித்தானே நடறோம்? இத இப்படி நெருக்கி வெச்சா?" என்றார்.

சரிதான். தட்டையான மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு நிறத்தைச் சிவப்புப் பக்கம் இழுத்திருந்தன. அவற்றைத் தள்ளி வைக்க, பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் 1 சதவீதம் மட்டும் சேர்மத்தைக் கலந்து பூசினேன். பச்சை திரும்பி வந்தது!

அப்புறம் மூலக்கூறின் நடுவிலிருந்த பீனைல் என்ற கார்பன் வளையத்துக்குப் பதில், மெத்தில் கிளைகளுள்ள பருமனான மெசிட்டைல் வளையத்தை வைத்தேன். வளையம் சுழன்று ஆற்றலை வீணாக்காமல் நின்றதில் கரைசலிலும் ஒளி கூடியது. இப்போது மூலக்கூறே சிவப்பாக ஒளிர, அதன் 3, 5 ஆம் இடங்களில் ஸ்டைரில் என்ற கிளையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.