வீட்டுவளவில் வலையேற்றி முலாம்பழம்

பாகலுக்குப் போடும் தட்டைப் பந்தல் முலாம்பழத்துக்குச் சரிவராது. மேலே இலை அடர்ந்து கீழ்க் கொப்பை மறைத்துவிடும், நடுவில் தொங்கும் காய்க்குக் கை எட்டாது. நிமிர்த்திக் கட்டிய வலைதான் வேண்டும். பத்தடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு பாத்தியில் ஐந்து கொடி வளர்க்கலாம். கொடிக்கு இரண்டு பழம் என்றால் பத்துப் பழம். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கும் இனங்களையே எடுங்கள். மூன்று கிலோவுக்கு மேல் போகும் வத்தகையை (தர்ப்பூசணியை) வலையில் ஏற்றினால் ஒவ்வொரு காயையும் தாங்குவதே வேலையாகிவிடும். அதை நிலத்தில் விடுவது நல்லது.

யாழ்ப்பாணத்தில் காலம் முக்கியம். மார்கழிக் கடைசியில் விதையிட்டுத் தையில் கன்றை நடுங்கள். பங்குனி முடியுமுன் பழம் வந்துவிடும். பிந்தினால் சித்திரை மழை பழுக்கும் காயில் விழும். காய் வெடிக்கும், இனிப்பும் குறையும். அதற்குப் பிறகு வரும் சோளகக் காற்று வலையையே சாய்த்துவிடும்.

விதையை ஐந்தாறு மணிநேரம் ஊறவைத்து, அடியில் துளையிட்ட யோகட் கோப்பையில் அரை அங்குல ஆழத்தில் ஒவ்வொன்றாக ஊன்றுங்கள். மேடையில் விதைத்துப் பிடுங்கி நட்டால் வேர் அறும், கன்று தேறாது. உண்மை இலை இரண்டு வந்ததும், இரண்டு கிழமைக்குள், மண் உடையாமல் இறக்கி நடுங்கள். கொடிக்குக் கொடி இரண்டடி.

வலிகாமத்துச் செம்மண்ணில் பல வளவுகளில் ஓரடி தோண்டினாலே கல் தட்டும். அப்படியானால் பாத்தியை முக்காலடி உயர்த்துங்கள். குழிக்கு ஒரு வாளி நன்றாக உக்கிய மாட்டெருவும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் போதும். சாம்பலை அள்ளிப் போடாதீர்கள். சுண்ணக்கல் மேல் இருக்கும் மண்ணில் காரம் ஏற்கெனவே கூட. சாம்பல் அதை இன்னும் கூட்டும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை என்பதே பொருள். யூரியாவால் அது தீராது, எருவைக் கூட்டுங்கள். பூசணி, பீர்க்கு, புடோல் நின்ற இடத்தில் அடுத்த போகமே நடவேண்டாம்.

தூணுக்கு எட்டடிப் பனஞ்சலாகை மூன்று எடுத்து, இரண்டடி மண்ணுக்குள் போக, ஐந்தடிக்கு ஒன்றாக நடுங்கள். மண்ணுக்குள் போகும் பகுதியைக் கரியாகச் சுட்டுவிட்டால் கறையான் பிந்தும். பச்சைக் கிளுவைக் கதியால் வேண்டாம். அது வேர்விட்டுத் தளிர்த்துக் கொடியின் தண்ணீரைக் குடிக்கும், நிழலும் போடும். கல் தட்டி இரண்டடி இறங்காவிட்டால் அந்தத் தூண்களை இரு பக்கமும் கயிற்றால் இழுத்து முளையில் கட்டுங்கள். உச்சியில் குறுக்குத் தடி கட்டாயம். பாரம் முழுக்க அதில்தான் தொங்கப்போகிறது. அதிலிருந்து ஆறங்குலக் கண்ணுள்ள நைலோன் வலையை இறக்குங்கள். வரிசை வடக்குத் தெற்காக ஓடினால் காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் விழும்.

இனி கிள்ளுதல். பலரும் இதைச் செய்வதில்லை, அதனால்தான் கொடி பெருத்துக் காய் சிறுக்கிறது. நடுத்தண்டை மட்டும் மேலே ஏற்றுங்கள். எட்டாம் இலை வரை வரும் பக்கக் கொப்புகளை விரல் நீளத்திலேயே கிள்ளிவிடுங்கள். ஒன்பது முதல் பதின்மூன்றாம் இலை வரையான கொப்புகளை விடுங்கள். நடுத்தண்டில் பெரும்பாலும் ஆண்பூத்தான். காய்க்கும் பூ இந்தக் கொப்புகளின் முதல், இரண்டாம் கணுவில் வரும். பூவின் அடியில் சின்னக் காய்போலப் புடைத்திருப்பதே அடையாளம். பூவுக்கு அப்பால் இரண்டு இலை விட்டுக் கொப்பின் நுனியைக் கிள்ளுங்கள். காய் முட்டையளவானதும் நல்லதாக இரண்டை வைத்து மற்றவற்றை அகற்றுங்கள். மனம் வராதுதான், ஆனாலும் நான்கு விட்டால் நான்கும் சப்பென்றிருக்கும். நடுத்தண்டு இருபத்தைந்து இலை எட்டியதும் அதன் நுனியும் போகட்டும். பனி காய்ந்த பிறகே கிள்ளவேண்டும், ஈரத்தில் கிள்ளிய வெட்டு அழுகும்.

தேனீ வராத வளவில், காலை ஒன்பது மணிக்கு முன் ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழை உரித்து, காய்க்கும் பூவின் நடுவில் தடவுங்கள். பூத்த நாளைக் குறித்து வையுங்கள், பிறகு உதவும்.

காய் தேசிக்காயளவு வருமுன் கடதாசிப் பையோ பழைய நூல்துணியோ சுற்றுங்கள். பழ ஈ பிஞ்சில்தான் முட்டையிடும். காய் கோணுவதும் உள்ளே புழுத்து விழுவதும் அதனால்தான். விழுந்ததைக் குப்பைக் குழியில் போட்டால் அடுத்த தலைமுறை ஈயை நீங்களே வளர்க்கிறீர்கள். பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வெயிலில் போடுங்கள். காய் அரைக் கிலோ வருமுன் வெங்காயம் வரும் வலைப்பையால் தொட்டில் கட்டுங்கள். கயிறு குறுக்குத் தடியில் இருக்கவேண்டும், கொடியில் அல்ல.

தண்ணீர் கன்றுக்கு நாளுக்கு ஒரு லீற்றர், காய் பெருக்கும்போது நான்கைந்து லீற்றர், எப்போதும் காலையில், அடியில் மட்டும். மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் வெள்ளமாக இறைத்தால் காய் வெடிக்கும். கிணறு உவராக இருந்தால் இலை விளிம்பு கருகும். கன்றுப் பருவத்துக்காவது நல்ல தண்ணீர் தேடுங்கள். அடியில் வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும். மாசிப் பனியில் இலை நனைந்தே நின்றால் மேலே மஞ்சள் புள்ளியும் கீழே சாம்பல் படிவும் வரும். அடி இலைகளைக் கழித்துக் காற்றோட விடுங்கள். கன்றைக் கடிக்கும் செம்மஞ்சள் வண்டு விடியற்காலையில் மந்தமாக இருக்கும், அப்போதே கையால் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடலாம்.

பூத்து முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து நாளில் பழுக்கும். கடைசி ஒரு கிழமை தண்ணீரைப் பாதியாக்குங்கள், முற்றாக நிறுத்தினால் கொடி வாடும். வலைத்தோல் இனத்தில் காம்பைச் சுற்றி வெடிப்பு வளையம் வரும், பெருவிரலால் மெல்லத் தள்ளினாலே கழரும். வழுவழுத்தோல் இனம் அப்படிக் கழராது. பச்சை போய்த் தோல் வெண்ணெய் நிறமாவதையும் குறித்து வைத்த நாளையும் பாருங்கள். முந்திப் பறித்தால் வீட்டில் வைத்து மென்மையாகும், இனிப்பு ஏறாது. முலாம்பழத்தில் சீனியாக மாற மாப்பொருள் சேமிப்பு இல்லை. நம் வெள்ளரிப்பழத்தையும் இதே வலையில் ஏற்றலாம், ஆனால் அது பழுக்கும்போது தானே வெடிக்கும். நிறம் மாறத் தொடங்கியதுமே வாழைச் சருகால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.