நீண்ட ஸ்வரத்தில் சாயாதீர்கள்: செக் காற்றிசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளம் குழு என் முன்னால் உட்கார்ந்து செக் இசையமைப்பாளர் யானாச்செக் காற்றுக் கருவிகளுக்கு எழுதிய ‘ம்லாதீ’யை வாசித்தது. ஆறு பேர். விரல் சுத்தம், சுருதி சுத்தம். ஆனாலும் முதல் பக்கம் முடிவதற்குள் எனக்கு நெஞ்சில் முள் குத்தியது போல் ஆகிவிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் குழு செய்த அதே தவறை, அதே இடத்தில், அதே நம்பிக்கையோடு செய்துகொண்டிருந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து எழுத ஆரம்பித்ததுதான் இது.

ரீடை நனைக்காமல் எடுப்பது, கருவியைச் சூடேற்றாமல் சுருதி சேர்ப்பது போன்றவற்றை உங்கள் ஆசிரியரே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரெய்ஹாவை எளிது என்று நினைப்பது

அந்தோனின் ரெய்ஹா 1770-ல் ப்ராகில் பிறந்தவர். பீத்தோவனுக்கும் அவருக்கும் ஒரே வயது. பான் நகர அரசவை இசைக்குழுவில் இவர் புல்லாங்குழல், அவர் வயோலா. பிறகு பாரிஸில் குடியேறி, புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் என்ற ஐந்துக்கும் 24 குவின்டெட் (ஐவர் சேர்ந்து வாசிக்கும் இசை) எழுதினார். புதிய குழுக்கள் முதலில் கை வைப்பது இவற்றில்தான். ‘பழைய காலத்து இசை, ஸ்வரங்கள் கண்ணுக்குத் தெளிவாக இருக்கின்றன, சுலபமாக வந்துவிடும்’ என்ற கணக்கு.

வராது. ரெய்ஹா யாரையும் பின்பாட்டுக்காரராக உட்கார வைக்கவில்லை. மற்ற இடங்களில் அடித்தளம் போட்டே பழகிய பசூன்காரர் இங்கே திடீரென்று முன்னால் வந்து பாட வேண்டும். வால்வு இல்லாத காலத்து ஹார்னுக்கு எழுதியதை இன்றைய ஹார்னில் வாசித்தாலும் மூச்சு வாங்கும். பல குவின்டெட்டுகள் அரை மணி நேரத்தை நெருங்கும்; விரல் தாங்கினாலும் உதடு தாங்காது. முதல் மேடைக்கு ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

கான்ட்ராபசூன் இல்லை என்று த்வோர்ஷாக்கைக் கைவிடுவது

வேண்டாம். செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் டி மைனர் செரினேடில் இந்தப் பெரிய பசூனைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். செல்லோவும் டபுள் பாஸும் மூன்றாவது ஹார்னும்தான் கட்டாயம்.

நீண்ட ஸ்வரத்தில் சாய்வது

இப்போது அந்த முள்.

செக் மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில்தான். நெடில் எங்கே வந்தாலும் சரி, அழுத்தம் இடம் மாறாது. ‘த்ராஹ’ என்றால் பாதை. ‘த்ரஹா’ என்றால் அன்பானவள். இரண்டிலும் அழுத்தம் முதல் அசைக்கே. மாறுவது நீளம் மட்டும். தமிழ்க் காதுக்கு இது புரியாத விஷயம் அல்ல. ‘படம்’, ‘பாடம்’ என்று சொல்லும்போது நாம் நெடிலை நீட்டுகிறோம், அதில் ஏறி உட்காருவதில்லை.

யானாச்செக் மொழியின் இந்த நடையை இசையாகவே கேட்டவர். தெருவிலும் ரயில் நிலையத்திலும் மக்கள் பேசுவதை ஸ்வரக் குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டே இருந்தார். 1903-ல் மகள் ஓல்கா சாகக் கிடந்தபோது அவளுடைய கடைசிப் பேச்சையும் அப்படியே குறித்திருக்கிறார். அந்தக் காதோடு, எழுபதாவது வயதில், 1924-ல் எழுதியது ‘ம்லாதீ’. பொருள் ‘இளமை’. தொடக்கத்தில் ஓபோ வாசிக்கும் வரி ‘ம்லாதீ, ஸ்லதே ம்லாதீ’, அதாவது ‘இளமை, பொன்னான இளமை’ என்று சொல்வதாகக் கேட்பது வழக்கம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஸ்லதே’யில் அழுத்தம் குறிலான ‘ஸ்ல’வில். நெடிலான ‘தே’ அதன் பின்னால் தளர்ந்து வருகிறது.

புதியவர்கள் என்ன செய்கிறார்கள்? குறுகிய ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் தாண்டி, நீண்ட ஸ்வரத்தில் போய் விழுகிறார்கள். விழுந்த பிறகு காற்றைத் தள்ளித் தள்ளி அதை வீங்க வைக்கிறார்கள். கிளாரினெட்காரர்கள் இதில் முதல் குற்றவாளிகள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மெல்ல ஒலியைப் பெருக்குவது எங்கள் கருவிக்கு இயல்பாக வரும். வருவதாலேயே எல்லா இடத்திலும் செய்கிறோம். கேட்பதற்கு உணர்ச்சியாக இருக்கும். ஆனால் மொழி போய்விடும்.

எங்களுக்கு இது பணமாகவே போனது. சேமிப்பைப் போட்டு ஒரு நாள் முழுக்க ஸ்டுடியோ எடுத்தோம். வெளியூரிலிருந்து பேஸ் கிளாரினெட்காரரை வரவழைத்தோம். ஒரு பிழையான ஸ்வரம்கூட இல்லாத பதிவு. அதை ஒரு செக் பசூன் கலைஞருக்கு அனுப்பினோம். தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: “நீங்கள் எந்த மொழியில் வாசிக்கிறீர்கள்?” அப்புறம் அந்த மூன்று வார்த்தைகளை மெதுவாக, பேச்சு போலவே, மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை எனக்குக் கேட்டுவிட்டது. மறுபடி பதிவைப் போட்டால், ஒவ்வொரு வரியிலும் ஆறு பேரும் சேர்ந்து தவறான அசையில் சாய்ந்துகொண்டிருக்கிறோம். ஒட்டிச் சரிசெய்ய வழியே இல்லை. முழுப் பதிவையும் தூக்கிப் போட்டுவிட்டு, எட்டு மாதம் கழித்து மறுபடி ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டினோம். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. யாராவது ஒருவர் முதல் ஒத்திகையிலேயே அந்த வார்த்தைகளைச் சொல்லிக் காட்டியிருந்தால் போதுமே!

ஆகவே நான் செய்யச் சொல்வது இதுதான். முதல் இரண்டு ஒத்திகைகளில் கருவியைத் தொடுவதற்கு முன் வரியை வாயால் சொல்லுங்கள். பென்சிலால் ஒவ்வொரு சொல்தொடரின் முதல் ஸ்வரத்தின் மேலும் ஒரு சின்னக் கோடு போடுங்கள். நாக்கு அங்கே தெளிவாகத் தொடட்டும்; அதன் பிறகு காற்று ஓடட்டும், ஆனால் பெருக வேண்டாம். நீண்ட ஸ்வரத்தை நீட்டுங்கள், தள்ளாதீர்கள். நான் அந்த இளம் குழுவிடம் இதைச் செய்து காட்டச் சொன்னபோது ஓபோ வாசித்த பெண் ஒரே முயற்சியில் பிடித்துவிட்டாள். ஹார்ன்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த முறை அவரும் சாயவில்லை.

பேஸ் கிளாரினெட் பகுதியை இன்னொரு பசூனிடம் கொடுப்பது

கூடாது. ஆள் கிடைக்கும்வரை ‘ம்லாதீ’யைத் தள்ளிப்போடுங்கள்.

பிக்கலோவைக் குளிர விடுவது

‘ம்லாதீ’யின் மூன்றாம் பகுதியில் புல்லாங்குழல்காரர் பிக்கலோ என்ற சிறிய குழலுக்கு மாறுவார். பர்னோ மடத்தில் யானாச்செக்கோடு படித்த நீலச் சீருடைப் பையன்களின் அணிவகுப்பு அது. முதல் இரண்டு பகுதிகளும் முடியும்வரை ஸ்டாண்டில் கிடந்த பிக்கலோ சில்லிட்டுச் சுருதி இறங்கியிருக்கும். இடையிடையே எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள்.

ஃபூரியன்ட்டை மூன்று மூன்றாகவே எண்ணுவது

த்வோர்ஷாக்கின் டி மைனர் செரினேட், 1878-ல் இரண்டே வாரத்தில் எழுதி முடித்தது. இரண்டாம் பகுதி நிதானமான சோஸெத்ஸ்கா நடனமாகத் தொடங்கும். நடுவில் சட்டென்று ஃபூரியன்ட் என்ற இன்னொரு செக் நடனம் வேகம் பிடிக்கும். தாளில் மூன்று மூன்றாகத்தான் எழுதியிருக்கும். ஆனால் ஃபூரியன்ட்டின் உயிர் ‘தக தக தக’, பிறகு ‘தகிட தகிட’. ஆறு எண்ணிக்கை ஒன்றுதான், வெட்டு வேறு. காலால் மூன்று தட்டிக்கொண்டே வாசித்தால் நடனம் செத்துவிடும். கொன்னக்கோல் சொல்லத் தெரிந்த யாரையாவது உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் உடம்பில் ஏறிவிடும்.

ஹாஸை இரங்கல் இசையாக வாசிப்பது

இசையமைப்பாளர் பாவெல் ஹாஸ் பர்னோவில் யானாச்செக்கின் மாணவர். யூதர். 1941-ல் தெரெசீன் முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இதைப் படித்துவிட்டு அவருடைய காற்றுக் குவின்டெட்டை எடுப்பவர்கள் முதல் ஸ்வரத்திலிருந்தே துக்கம் கொண்டாடுகிறார்கள். எல்லாம் மெதுவாக, எல்லாம் தாழ்ந்த குரலில்.

அந்தக் குவின்டெட் 1929-ல் எழுதியது. அவருக்கு அப்போது முப்பது வயது. சொந்த ஊரில், தெரிந்த கலைஞர்களுக்கு நடுவே இருந்தார். இரண்டாம் பகுதிக்குப் ‘பிரார்த்தனை’ என்று பெயர், சரி, அங்கே கனம் உண்டு. அதற்கு அடுத்ததன் பெயரே ‘விசித்திர நடனம்’. அதில் கிண்டல் இருக்கிறது, குதிப்பு இருக்கிறது. அதையும் சேர்த்து அடக்கம் செய்துவிட்டால், அந்த முப்பது வயது மனிதனுக்கு மேடையில் என்ன மிச்சம்? பின்னால் நடந்ததை நிகழ்ச்சிக் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். நடனத்தை நடனமாக வாசியுங்கள்.

அந்த இளம் குழுவிடம் இதையும் சொல்லித்தான் அனுப்பினேன். அடுத்த வாரம் ஹாஸோடு வருகிறார்கள்.