கொழும்புக்குப் போகாத போன்

யாழ் டவுனில் ஒரு பெரிய கடையில் வாங்கிய போன் பத்தாம் நாளே சார்ஜ் ஏற மறுத்தது. வாங்கும்போது சோடா உடைத்துத் தந்த தம்பி இப்போது நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "தண்ணி பட்டிருக்கு அண்ணை. கொழும்புக்கு அனுப்பவேணும், காசும் கட்டவேணும்."

சிம் தட்டை இழுத்து டோர்ச் அடித்துக் காட்டினேன். உள்ளே சின்ன வெள்ளைப் புள்ளி. நனைந்திருந்தால் அது சிவந்திருக்கும். அப்போதும் மசியவில்லை. சரி, "தண்ணி பட்டது எண்டு ஜொப் கார்டில எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 எண்ட நம்பருக்கு, கோல் அடிக்கிறன்" என்றேன்.

எடுத்த பேனையை வைத்துவிட்டு உள்ளே போனார். முகாமையாளர் வந்து பில்லையும் பெட்டியையும் பார்த்தார் (பெட்டியை எறியாமல் வைத்திருந்தது மனைவியின் புண்ணியம்). அரை மணித்தியாலத்தில் புதுப் போன் தந்தார்கள். சோடா மட்டும் வரவில்லை.