ஷோரூமில் நிற்கும் பைக்கைப் பார்த்து முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

100 சிசி பைக் வாங்க ஷோரூமுக்குள் நுழைபவர்களில் பெரும்பாலானோர் முதல் ஐந்து நிமிடத்திலேயே பாதி முடிவை எடுத்துவிடுகிறார்கள். டேங்கின் பளபளப்பும் ஸ்டிக்கரின் நிறமும் மீட்டரில் ஒளிரும் எண்களும் கண்ணை இழுக்கின்றன. ஆனால் இந்த வகை வண்டியை வாங்கும் குடும்பத்துக்கு, வேலைக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் சந்தையிலிருந்து காய்கறி மூட்டையை ஏற்றி வரவும் அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்த ஒரே வண்டிதான். நிற்கும் வண்டியை மட்டும் பார்த்து அதை எடைபோடுவதில்தான் எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

அவற்றில் முதன்மையானது, தனியாக ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு "சீட் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவது. தம்பிக்கு வண்டி பார்க்கப் போனபோது நானும் அதையே செய்தேன். உடன் வந்திருந்த அம்மாவைத் தற்செயலாகத்தான் பின்னால் உட்காரச் சொன்னோம். சேலையுடன் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்த அவருக்கு, சேலை கார்டின் கீழே இருந்த கால்படி சற்று உயரமாக அமைந்திருந்ததால், முழங்கால்கள் தூக்கிக்கொண்டு நின்றன. செருப்பின் முனை மட்டுமே படியில் பட்டது. வலது கையால் தம்பியின் தோளையும் இடது கையால் பின்கம்பியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "இதுல பத்து நிமிஷத்துக்கு மேல என்னால உட்கார முடியாதுடா" என்றார். நாங்கள் அரை மணி நேரம் பார்த்தும் தெரியாத ஒன்று அவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எனவே வீட்டில் பின்னால் உட்காரப்போகிறவரை, அவர் வழக்கமாக உடுத்தும் உடையிலேயே அழைத்துச் சென்று உட்கார வைத்துப் பாருங்கள். கால்களை இருபக்கமும் போட்டு உட்காருபவராக இருந்தால், அவருடைய வலது கால் சைலன்சருக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதையும், சூடு படாமல் காக்கும் மூடி சரியான இடத்தில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, வண்டி அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேலை கார்டைக் கழற்றிவிடச் சொல்வது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்வைப்பானும் இருக்க வேண்டும், அவருடைய உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் குறைந்தது பாதியளவை மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால் என்ன நேரும் என்பதை அறிந்தவர் எவரும் அதைக் கழற்ற உடன்படமாட்டார்.

வண்டியைக் கையால் சாய்த்துப் பார்த்து, "லேசாக இருக்கிறது, அதனால் உறுதி இருக்காது" என்று தீர்ப்புச் சொல்வதும் பரவலாக இருக்கிறது. 2023-இல் வந்த ஹோண்டா ஷைன் 100-இன் எடை 99 கிலோ. ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் எடை 112 கிலோ. இந்த 13 கிலோ வேறுபாடு, நெருக்கமான சந்தில் வண்டியைத் திருப்பும்போதும் சென்டர் ஸ்டாண்ட் போடும்போதும் உதவுகிறதே தவிர, வண்டியின் சட்டகத்தின் (ஃபிரேமின்) வலிமையை அதை வைத்து அளக்க முடியாது. டயர் ஒல்லியாக இருக்கிறது என்று எண்ணி அகலமான டயரை மாற்றிப் போடுவதும் இதே வகைத் தவறுதான்; ரிம்முக்குப் பொருந்தாத டயர் வளைவில் திரும்பும்போது வண்டியின் நிதானத்தைக் கெடுக்கும், மைலேஜையும் குறைக்கும்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் 125 சிசி வரையிலான பைக்குகளில், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இல்லையென்றால் சிபிஎஸ் எனப்படும் இணைந்த பிரேக் அமைப்பாவது இருக்க வேண்டும் என்பது கட்டாயமானது. காலால் பின்பிரேக்கை மிதிக்கும்போது முன்பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டவுடன், இனி கைப்பிரேக் தேவையில்லை என்று பலர் முடிவு செய்துகொள்கிறார்கள். அது ஆபத்தான புரிதல். வேகத்தைக் குறைக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மீது சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன்பிரேக்தான் செய்கிறது. சிபிஎஸ் இருந்தாலும் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடிக்கப் பழகியிருக்க வேண்டும். சிபிஎஸ்ஸையும் ஏபிஎஸ்ஸையும் ஒன்றாக எண்ணுவதும் தவறு, ஏனெனில் ஈரமான சாலையில் திடீரென்று பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுப்பது ஏபிஎஸ் மட்டுமே.

சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி ஷாக் அப்சர்பரைச் சோதிப்பதால் எதுவும் தெரிய வராது. தனியாக ஓட்டும்போது மெத்தென்று இருக்கும் பின்ஷாக், இருவர் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முழுவதும் அமுங்கி முதுகில் இடிக்கலாம். ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து, பள்ளமும் மேடும் உள்ள தெருவில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் பின்ஷாக்கின் இறுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். அடிக்கடி இருவராகப் போகிறவர்கள் வண்டியை எடுக்கும் அன்றே மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு படி ஏற்றிக்கொள்வது நல்லது.

டிஜிட்டல் மீட்டர், புளூடூத் போன்றவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், அவற்றை நீங்கள் உண்மையில் பயன்படுத்துவீர்களா என்று கேட்டுக்கொண்டாலே போதும். முகப்பு விளக்கு அப்படியன்று. 2017 முதல் எஞ்சின் ஓடும்போதெல்லாம் அது தானாகவே எரிவதால், பகலில் பார்த்து "பளிச்சென்று எரிகிறது" என்று திருப்தி அடைந்துவிடுகிறோம். தெருவிளக்கு இல்லாத ஊர்ச்சாலையில் எதிரே லாரி வரும்போது ஓரத்தில் நடந்துபோகிறவரைக் காட்டுமா என்பதுதான் அந்த விளக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி. அதே மாடலை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, இரவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மைலேஜைப் பொறுத்தவரை, நிறுவனங்கள் அறிவிக்கும் அளவு குறிப்பிட்ட சோதனை நிலைமைகளில் எடுக்கப்படுவது. சிக்னலும் நெரிசலும் பின்னால் ஆளும் உள்ள உங்கள் ஓட்டத்தில் அது அப்படியே கிடைக்காது. டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை நிரப்பும்போது, இடையில் ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டரால் வகுப்பதே நம்பத்தக்க கணக்கு.

விலையிலும் முதல் பார்வை ஏமாற்றும். பலகையில் எழுதியிருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் அதன் மேல் வாழ்நாள் சாலை வரியும், பதிவுக் கட்டணமும், புதிய இருசக்கர வாகனத்துக்குக் கட்டாயமான ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடும் சேரும். ஆகவே இவையெல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்கி, அதிலுள்ள ஒவ்வொன்றையும் படித்து, நீங்கள் கேட்காத பொருள்களுக்கு எதிரே எழுதப்பட்ட தொகையை முன்பணம் கட்டும் முன்பே நீக்கச் சொல்லுங்கள்.