தீர்க்க முன் படித்திறனைப் பாருங்கள்

உயர்தரம் படித்த காலத்தில், பள்ளிக்கூடப் பரீட்சை ஒன்றில் இந்தச் சமன்பாட்டுச் சோடியைத் தீர்ப்பதற்காக இரண்டு பக்கம் வீணாக்கினேன்:

6க − 4ந = 10
9க − 6ந = 12

எப்படிச் செய்தாலும் 0 = 6 என்றே வந்து நின்றது. கழித்தலில் எங்கோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து வெட்டி வெட்டி எழுதினேன். மணி அடித்துவிட்டது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு சமன்பாடும் வரைபில் ஒரு கோடு; அந்த இரண்டு கோடுகளும் சந்திக்கவே மாட்டா. தொடங்க முன் அரை நிமிடம் படித்திறனை, அதாவது கோடு எவ்வளவு சரிவாக ஏறுகிறது என்பதை, பார்த்திருந்தால் ஒரு வரியில் முடித்திருக்கலாம்.

இப்போது கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுக்கிறேன். புத்தகத்தில் எக்ஸ், வை என்று இருப்பதை நான் க, ந என்று எழுதுவேன். க கிடையாகப் போவது, ந நிலைக்குத்தாக ஏறுவது. படித்திறன் என்பது நாங்கள் இலங்கையில் சொல்லும் சொல். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அதைச் சாய்வு என்பார்கள்.

முதலில் தீர்க்கும் முறை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒருவர் 3 கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் 2 தேங்காயும் வாங்கி 780 ரூபா கொடுத்தார். அடுத்தவர் 5 மாம்பழமும் 4 தேங்காயும் வாங்கி 1400 கொடுத்தார். ஒவ்வொன்றும் என்ன விலை?

3மா + 2தே = 780
5மா + 4தே = 1400

இங்கே பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: மா என்றால் என்ன? பாதிப் பேர் மாம்பழம் என்பார்கள். இல்லை, மா என்பது ஒரு மாம்பழத்தின் விலை. 3மா என்பது மூன்று மாம்பழம் அல்ல, மூன்று மடங்கு விலை. இதைக் கோட்டைவிட்ட பிள்ளை கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் "160 மாம்பழம்" என்று விடை எழுதும். நான் பார்த்திருக்கிறேன்.

சரி, தேங்காயை ஒழிப்போம். முதலாவதை இரண்டால் பெருக்கினால் 6மா + 4தே = 1560. அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மா = 160. அதை முதலாவதில் போட்டால் 480 + 2தே = 780, ஆகவே தே = 150. விடையை இரண்டு பழைய சமன்பாடுகளிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் தே கண்டுபிடித்ததே அந்த ஒன்றிலிருந்துதான், அது எப்படியும் பொருந்தும்.

மறை எண் வரும்போதுதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். −4ந இலிருந்து −6ந ஐக் கழி என்றால் கை தடுமாறும். நான் கழிக்கச் சொல்வதில்லை. கீழ்வரி முழுவதின் குறியையும் மாற்றி எழுதிவிட்டுக் கூட்டச் சொல்வேன். ஒரு வரி கூடுதல்தான், ஆனால் பிழை பாதியாகக் குறைகிறது. அப்புறம், ஒரே மாறிகள் (க, ந போன்ற எழுத்துகள்) ஒன்றின் கீழ் ஒன்று நேராக நிற்க வேண்டும். 2000 ஆண்டுகளுக்கு முன்பே சீனர்கள் எண்ணும் குச்சிகளை நிரல் நிரலாக அடுக்கி இதே ஒழிப்பு வேலையைச் செய்தார்கள். அவர்களுக்கு மாறிக்கு எழுத்தே தேவைப்படவில்லை, குச்சி இருந்த இடமே போதுமாக இருந்தது.

இனிப் படித்திறன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சரிவைக் காட்டுவது சிரமம். மலை இல்லை, வீதியெல்லாம் கொப்பித்தாள் மாதிரித் தட்டை. ஆனால் பட்டம் இருக்கிறது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் பார்த்த பிள்ளைக்கு நூலின் சரிவு தெரியும். பட்டத்துக்கு நேர் கீழே உள்ள இடம் உங்களிடமிருந்து 40 மீற்றர், பட்டம் இருக்கும் உயரம் 30 மீற்றர் என்றால் நூலின் படித்திறன் 30/40, அதாவது 0.75. ஏறிய அளவைப் போன அளவால் பிரிப்பது, அவ்வளவுதான். (நூல் நடுவில் தொய்யும். அதை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.) வலப்பக்கம் போகப்போக இறங்கும் கோட்டுக்குப் படித்திறன் மறை. நிலைக்குத்தாக நிற்கும் கோட்டுக்குப் படித்திறனே இல்லை, பூச்சியத்தால் பிரிக்க முடியாதே.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓட்டோக் கட்டணம் நல்ல உதாரணம். ஒருவர் ஏறியவுடன் 100 ரூபாவும், பிறகு கிலோமீற்றருக்கு 100 ரூபாவும் எடுக்கிறார் என்று வையுங்கள். மற்றவர் ஏறியவுடன் 180, கிலோமீற்றருக்கு 80. தூரம் க, கட்டணம் ந:

ந = 100க + 100
ந = 80க + 180

க இன் முன்னால் நிற்கும் எண்தான் படித்திறன்: ஒரு கிலோமீற்றர் கூடினால் எத்தனை ரூபா கூடும் என்பது. தனியே நிற்பது வெட்டுத்துண்டு. இரண்டையும் சமப்படுத்தினால் 20க = 80, க = 4, கட்டணம் 500. யாழ் பஸ் நிலையத்திலிருந்து நல்லூருக்கு என்றால் முதலாமவர் மலிவு, சுன்னாகத்துக்கு என்றால் இரண்டாமவர். ஏறும்போது மலிவாக இருந்தவரின் கோடு கூடிய சரிவில் ஏறுவதால் 4 கிலோமீற்றரில் மற்றவரைத் தாண்டிவிடுகிறது. மூன்றாவது ஒருவர் 150 இல் தொடங்கிக் கிலோமீற்றருக்கு 80 எடுத்தால் அவருடைய கோடு இரண்டாமவரின் கோட்டுக்குச் சமாந்தரம். கிளிநொச்சி வரை போனாலும் அதே 30 ரூபா வித்தியாசம்தான்.

என் பரீட்சைச் சோடிக்கு வருவோம். ந ஐத் தனியே எடுங்கள்:

ந = 1.5க − 2.5
ந = 1.5க − 2

படித்திறன் ஒன்று, வெட்டுத்துண்டு வேறு. சமாந்தரம், தீர்வு இல்லை; 0 = 6 சொன்னதும் அதைத்தான். இரண்டாவது சமன்பாட்டின் வலப்பக்கம் 12 இல்லாமல் 15 ஆக இருந்திருந்தால் இரண்டும் ஒரே கோடு: 0 = 0 வரும், தீர்வுகள் எண்ணற்றவை. படித்திறன் வேறு என்றால் மட்டும் ஒரே ஒரு தீர்வு நிச்சயம், பயமில்லாமல் ஒழிக்கத் தொடங்கலாம்.

படித்திறன்கள் வேறு, ஆனால் மிகக் கிட்டக் கிட்ட இருந்தால்? இரண்டாவது ஓட்டோ கிலோமீற்றருக்கு 98 எடுத்தால் 2க = 80, சந்திப்பு 40 கிலோமீற்றரில். இப்போது அவர் ஏறும் கட்டணத்தை 180 இலிருந்து 190 ஆக்கினால் சந்திப்பு 45 க்கு ஓடிவிடும். பழைய 80 ரூபாக் கணக்கில் அதே 10 ரூபா சந்திப்பை 4 இலிருந்து 4.5 க்குத்தான் தள்ளியிருக்கும். வரைபுத்தாளில் கீறினால் பென்சில் கோட்டின் தடிப்பே சந்திப்பை விழுங்கிவிடும். அப்படியான சோடி வந்தால் அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் சமன்பாட்டிலேயே தீர்த்துவிடுங்கள்.