தடய அறிவியல் பட்டதாரிகள் வேலை தேடும் முறை: வடசென்னை மாணவர்களுக்கு

தடய அறிவியலில் பட்டம் பெற்றவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, வேதியியல், உயிரியல், ஆவணம், கைரேகை, கணினித் தடயம் ஆகியவற்றுள் தமக்கு எது கைவரும் என்பதே. பட்டத்தின் பெயரைக் காட்டிலும் இந்தப் பிரிவுதான் வேலையைப் பெற்றுத் தரும்.

மயிலாப்பூரில் இயங்கும் தமிழ்நாடு தடய அறிவியல் துறை, 1849ஆம் ஆண்டு மதராஸில் தொடங்கப்பட்ட வேதியியல் ஆய்வகத்தின் வழிவந்தது. அதன் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. தடய அறிவியல் பட்டம் இருந்தாலே போதும் என்று நம்பிவிடாமல், பழைய அறிவிக்கைகளில் எந்தப் பாடத்தில் எந்த நிலைப் பட்டம் கேட்கப்பட்டது என்பதை, முதுநிலைப் படிப்பில் சேர்வதற்கு முன்பே வரி விடாமல் படித்துப் பார்க்க வேண்டும். சேர்ந்த பிறகு படித்துப் பயனில்லை. கைரேகைப் பிரிவில் ஆர்வமுள்ளவர்கள் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் உதவி ஆய்வாளர் அறிவிக்கைகளையும் கவனிக்கலாம்.

ஸ்டான்லி மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்யும் வேலை கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்காது. அது மருத்துவர்களின் பணி. அங்கிருந்து உள்ளுறுப்பு மாதிரிகள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த பிறகே நச்சியல், அதாவது நச்சுப் பொருள்களை ஆராயும் பிரிவு, படித்தவரின் வேலை தொடங்குகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆவது பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு என்பதால், ஆள்தேவை படிப்படியாகவே கூடும் என்று கருதலாம்.

அதுவரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் இரசாயனத் தொழிற்சாலைகளிலும் உள்ள தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் புழங்கும், கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவியும், ஒளியைக் கொண்டு பொருளை இனங்காணும் நிறமாலைமானியும் நச்சியல் ஆய்வகத்திலும் உள்ளவையே. அங்கே பெறும் பழக்கம் பின்னால் கைகொடுக்கும். ராஜாஜி சாலை சுங்க மாளிகையிலும் சரக்கு மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகம் உண்டு. கையெழுத்து, ஆவண ஆய்வை விரும்புவோர், உயர் நீதிமன்றத்தைச் சுற்றித் தொழில் செய்யும் அனுபவமுள்ள தனியார் நிபுணரிடம் சில காலம் உதவியாளராக இருப்பது நல்லது. ஏனெனில் அறிக்கை எழுதுவதைவிடக் குறுக்கு விசாரணையில் அதைத் தாங்கி நிற்பதே கடினம். கணினித் தடயம் படித்தவர்களுக்கு வங்கிகளிலும் தணிக்கை நிறுவனங்களிலும் மோசடி விசாரணைப் பணிகள் உள்ளன. கற்பிக்க விரும்புவோர், தடய அறிவியல் ஒரு பாடமாகவே இடம்பெற்றுள்ள யுஜிசி நெட் தேர்வை எழுதலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், விண்ணப்பத்தில் ‘பயிற்சி பெற்றேன்’ என்று பொதுவாக எழுதாமல், எந்தக் கருவியில் எந்த வகை மாதிரியைக் கையாண்டீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள்.