38 வந்தால் உடனே கலங்க வேண்டாம்

இங்கிலாந்தில் இளங்கலை படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற பெரும்பாலும் 40 வேண்டும். ஆனால் மற்ற பாடங்களில் நல்ல மதிப்பெண் இருந்தால், மயிரிழையில் தவறியதை ஈடுகட்டி அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டை (பாடத்தை முடித்ததற்குக் கிடைக்கும் புள்ளிகளை) கொடுத்துவிடும் விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. இப்படி எல்லாப் பாடங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 120 கிரெடிட் கணக்கு.

அதற்கு வழியில்லையா, சரி, கோடையில் மறுதேர்வு. அதில் 75 எடுத்தாலும் பதிவாவது வழக்கமாக 40தான், கொஞ்சம் கொடுமைதான்.

உடம்பு சரியில்லாமல் தேர்வு சொதப்பியிருந்தால், மருத்துவர் கடிதத்தோடு கெடு தேதிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். ஏற்றுக்கொண்டால், மறுபடி எழுதுவது முதல் முயற்சியாகவே எண்ணப்படும். பொதுவாக அந்த 40 வரம்பும் இருக்காது. மதிப்பெண் வந்த பிறகு போய்ச் சொன்னால் பெரும்பாலும் எடுபடாது.